கொக்கு இறங்கும் இடம்

நெல் அரவை மில்லின் பின்பக்கம் இருக்கிற சிமெண்டுக் களத்தில் அவளுக்கு விசில்காரி என்று பெயர். வீட்டில் அவளைக் கூப்பிட வேறு பெயர்கள் இருந்தன. மாமனார் 'பிள்ள' என்பார், நாத்தனார் 'ஏம்மா' என்பாள், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற புருஷன் 'இந்தா' என்பான். களத்தில் மட்டும் விசில்காரி. இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் கொடுத்து அவள் ஒன்று அடித்தால், நாலு மூலையிலும் மேய்கிற பறவைகள் ஈரத்துணியை உதறினாற்போல ஒரே வீச்சில் எழும்பும்.

"பொம்பள விசிலடிச்சா வீடு வெளங்குமா?" என்று நாத்தனார் ஒருதரம் கேட்டாள்.

"வீடு வெளங்குறது இருக்கட்டும் அண்ணி, களத்துல நெல்லு மிஞ்சுது" என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு நாத்தனார் விசிலைப் பற்றிப் பேசவில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசினாள்.

அவித்த நெல் ஆவியோடு வந்து களத்தில் விழும். பலகையால் இழுத்து விரல் தடிமனுக்குப் பரப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் காலாலேயே கோடு போட்டுக்கொண்டு நடந்து புரட்டிவிட வேண்டும். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தால் 'கடக்' என்று முறிய வேண்டும். நசுங்கினால் ஈரம் பாக்கி. முறியும்போது தூளாகப் போனால் வெயில் அதிகம் தின்றுவிட்டது, அரைத்தால் அரிசி குருணையாகத்தான் வரும். இத்தனைக்கும் நடுவில் பறவைகள்.

அன்றைக்கு மத்தியானமும் களத்து மேஸ்திரி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா விசில்காரி, செவுத்து மேல காக்கா அந்தக் கத்து கத்துது. நீ பாட்டுக்குக் குந்தியிருக்க?"

"கத்தட்டும் மேஸ்திரி. கத்துறவனுக்கு வாய் காலியா இருக்குன்னு அர்த்தம். அதோ அந்த மூலையப் பாருங்க. பன்னெண்டு புறா, மூச்சு விடாம நிக்குது. திங்கிறவன் எப்பவும் சத்தம் போடமாட்டான்."

சொல்லிக்கொண்டே ஒரு விசில். பன்னிரண்டும் போயின. நெல்லுக்குள் இரண்டு மைனா மட்டும் அசையாமல் நின்றன.

"அதுங்க?"

"அதுங்க நெல்லுக்கு வரல, நெல்லுல ஓடுற வண்டுக்கு வருது. நம்ம ஆளுங்க."

"சரிதான். சம்பளப் பட்டியல்ல சேத்துடவா?"

அவள் சிரித்து முடிக்கவில்லை. மில்லின் பக்கவாட்டுச் சந்திலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். தையல் கடையில் இருந்தபடியே வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா, ரவிக்கையில் குத்திய ஊசி, ஊசியில் பச்சை நூல்.

"ஏம்மா, கொண்டி போட்டியா இல்லியா?"

"போடல அண்ணி."

"போடலியா! என் தம்பி நேத்து முழுக்க உக்காந்து அடிச்ச கொண்டி அது. கதவுக்கு அழகா இருக்கட்டும்னா அடிச்சான்? வந்து பாத்தா கதவு திறந்து கெடக்கு, தட்டுல பாதிச் சோறு கெடக்கு, அப்பாவக் காணோம்."

"பன்னெண்டு மணிக்கு நான்தானே சோறு போட்டேன். கொண்டியப் போட்டுட்டு ரெண்டு அடி வெச்சேன், உள்ள இருந்து தட்டினாரு. கத்தல, வையல, சும்மா தட்டினாரு. 'பிள்ள, வேலைக்கு நேரமாச்சு'ன்னாரு. மனசு கேக்கல. எடுத்துட்டேன்."

"மனசு! உன் மனசுக்கு எங்கப்பன் வெயில்ல விழுந்து கெடக்கணுமா?"

போன மாதம்தான் அவர் பஸ் நிற்கிற இடத்தில், செருப்பில்லாமல், யாரோ கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: இன்னொருதரம் காணாமல் போனால் முதியோர் இல்லம்தான், விண்ணப்பம் வாங்கிக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். அந்த இல்லத்தையும் போய்ப் பார்த்திருந்தார்கள். சுத்தமான இடம். சுத்தமான கட்டில்களில் சுத்தமான ஆட்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "வேணாம் அண்ணி, நான் பாத்துக்கறேன், என் பொறுப்பு" என்று அவள்தான் வாயைக் கொடுத்திருந்தாள். எழுபது வயதுவரை மண்வெட்டியைப் பிடித்து வரப்பும் பாத்தியும் போட்டே காலம் தள்ளிய மனிதர். இந்த நாலைந்து வருஷமாகத்தான் நினைப்பு ஓட்டைச் சாக்காகிவிட்டது.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். "ஒரு பொரட்டு பாக்கி இருக்கு மேஸ்திரி…"

"போ, போ. நான் பொரட்டுறேன். எனக்கு விசில்தான் வராது, காலு இருக்கு."

பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றான டிராக்டர், கலப்பைச் சட்டம் முறிந்து, மூன்று நாளாக நின்றது. புருஷன் வெல்டிங் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு முகம் வெளுத்து நின்றான். டிராக்டர்காரர் சக்கரத்தில் சாய்ந்திருந்தார்.

"பஸ்சு நிக்கிற இடத்துல பாத்துட்டேன். டீக்கடையில பாத்துட்டேன். ஆசுபத்திரி வாசல்லயும் இல்ல" என்றான் புருஷன். "அக்கா, நீ கடைசியா எப்பப் பாத்த?"

"காலைல வந்து ஒரு மணி நேரம் அவர் முன்னாடிதானே குந்தியிருந்தேன். என் பாட்டை நான் சொல்லிட்டிருந்தேன். கடையில வேலை குவியுது, வீடு கட்டப்போறோம்னு வாங்கின மனை முள்ளு மண்டிக் கெடக்கு, கொத்திப் போட்டுக் கீரையாவது போடலாம்னா ஒரு ஆள் கெடைக்கலன்னு. செவுத்துக்கிட்டச் சொன்ன மாதிரிதான். 'ம்'ங்கறதுகூட இல்ல."

"டிராக்டர் மட்டும் ஓடுற நெலமையில இருந்தா ரெண்டு நிமிசத்துல ஒரு சுத்து வந்துருவேன்" என்றார் டிராக்டர்காரர்.

"ஓடுற நெலமையில இருந்தா அது ஏன் இங்க நிக்குது?" என்றாள் நாத்தனார்.

கால் மணி நேரத்தில் புருஷன் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்றைப் பிடித்து வந்துவிட்டான். ஆட்டோ வயல் பாதையில் இறங்கியது. 'காணவில்லை, காணவில்லை, வயது எழுபத்தெட்டு, நீலக் கோடு போட்ட சட்டை' என்று அது அலறிய அலறலில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தைலான் குருவிகள் சிதறின. வேலிக்குள் இருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் ஆளுக்கு ஒரு வசவாகத் திட்டிக்கொண்டு அடுத்த வேலிக்குத் தாவியது. அறுத்துப்போட்ட வயலில் மேய்ந்த புறாக்கள் போன திசையே தெரியவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஏன்?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறவரா அவரு? போன வாரம் உங்களையே 'தம்பி யாரு, எந்தப் பக்கம்'னு கேட்டாரு. இது ஊரைத்தான் கூட்டும், அவரக் கூட்டாது. கொஞ்சம் சும்மா இருந்தீங்கன்னா நான் காது குடுத்துக் கேப்பேன்."

"எதை?"

"பறவைய."

நாத்தனார் தலையில் கையை வைத்தாள். "அப்பனத் தேடச் சொன்னா இவ குருவி தேடறா."

ஆனாலும் ஆட்டோ நின்றது. சத்தம் அடங்க அடங்க, வெயில் ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல வயல்வெளி கிடந்தது. தூரத்தில், குளத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பத் திரும்ப, இடைவெளியில்லாமல், பதறிப்போய்.

"ஆட்காட்டி!" என்றாள். "தரையில முட்டையிடுற பறவை. யாராவது கிட்டப் போனாத்தான் இப்படிக் கத்தும். குளத்தங்கரையில ஆள் இருக்கு. வாங்க."

குளம் என்ற சொல்லைக் கேட்டதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தண்ணீர் பக்கம் அவர் போயிருக்கக் கூடாதே என்றுதான் எல்லோருக்கும். கொழுகொழுவென்று இருக்கிற நாத்தனார் அளவு நாடா பறக்க முன்னால் ஓடினாள். கரையில் ஏறிப் பார்த்தால், ஆட்காட்டி இரண்டும் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தின. கீழே காய்ந்த சேற்றை மோந்துகொண்டு ஒரு செவலை நாய் போனது. அவ்வளவுதான். குளத்துக்குள் எருமையும் மாடுமாக நாற்பது உருப்படி வயிற்றளவுத் தண்ணீரில் நின்றன. மாடு மேய்க்கிறவள் கரையில் தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"பெரியவர் யாரும் வரல அக்கா. காலையில இருந்து இங்கதான் இருக்கேன். சுத்துவட்டாரத்து மாடு மொத்தமும் என் கையில, வேற எங்கயும் கண்ண விட முடியுதா?"

நாத்தனார் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "நாயைக் கண்டுபிடிச்சாச்சு. இன்னும் ஏதாவது பறவை ஏதாவது சொல்லுதா, ஏம்மா?"

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மணி நாலு தாண்டியிருக்கும். தண்ணீர் குடிக்காமல் நாலு மணி நேரம். களத்தில் காக்கை கத்தினால் நான் எழுந்திருப்பேனா? மாட்டேன். மேஸ்திரிக்கு வாய் நிறையச் சொல்கிறேனே, கத்துகிறவனை விடு, திங்கிறவனைப் பார் என்று. இங்கே மட்டும் ஏன் கத்துகிறவன் பின்னால் ஓடினேன்? புதிதாக வந்த ஆளைப் பார்த்துத்தான் பறவை கத்தும். மாமா போய் இத்தனை நேரம் ஆகியிருந்தால் அவர் பழசு. மரம் மாதிரி, மாடு மாதிரி, அவரும் ஒன்று. அவரை எந்தப் பறவையும் இனி திட்டாது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். எருமை முதுகில் உண்ணிக்கொக்குகள் நின்றன. மாடு கால் மாற்றி வைக்கிற இடத்தில் கிளம்புகிற பூச்சியைப் பிடிக்கிற சின்னக் கொக்கு. மாடு இருக்கிற இடத்தில் அது இருக்கும், அதில் ஒன்றும் புதுமையில்லை. ஆனால் ஒன்று எழுந்தது. கழுத்தை மடக்கிக்கொண்டு கிழக்கே போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல. அறுத்த வயலைத் தாண்டி, இடிந்துபோன செங்கல் சூளைக்குப் பின்னால் இறங்கின. எதுவும் திரும்பி வரவில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏங்க, டிராக்டர் உங்க பட்டறையில நிக்குது, இல்லியா?"

"இதென்ன கேள்வி? பாத்துட்டுத்தானே வந்த."

"சுத்துவட்டாரத்துல வேற டிராக்டர் இருக்கா?"

"இல்ல" என்றார், அவர்களோடு ஓடி வந்திருந்த டிராக்டர்காரர். சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்.

"மாடு மொத்தமும் இங்க கெடக்கு. அப்ப அந்தக் கொக்கு எதுக்கு மாட்ட விட்டுட்டு அங்க போகுது?"

"கொக்கு எதுக்கோ போகும், நீ கேட்டுச் சொல்லு" என்றாள் நாத்தனார்.

"எதுக்கோ போகாது அண்ணி, வயித்துக்குத்தான் போகும். மாட்டுக்கிட்ட கெடைக்கிறத விட நல்ல தீனி அங்க கெடைக்குது. காஞ்ச தரையில அதுக்கு என்ன கெடைக்கும்? மண்ண யாராவது பொரட்டுனாத்தான் புழு மேல வரும். அங்க யாரோ மண்ணப் பொரட்டுறாங்க."

நாத்தனார்தான் முதலில் சொன்னாள், குரல் இறங்கிப்போய்: "சூளைக்குப் பின்னாடி என் மனைதான் இருக்கு."

போகிற வழியெல்லாம் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். பொழுது சாய்ந்தால் கொக்குகள் அடையப் போய்விடும். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இடத்தைக் காட்ட ஒரு கொக்கும் இருந்திருக்காது. சூளையை நெருங்கும்போது மின்கம்பியில் ஒரு கரிச்சான், இரட்டை வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. சட்டென்று கீழே பாய்ந்தது, எதையோ கவ்விக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வந்தது. கத்தவில்லை. வாயில் வேலை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து ஒன்று அடித்தாள்.

சூளைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஏழெட்டுக் கொக்குகள் வெள்ளையாக எழும்பின. அவற்றின் கீழே, சுவருக்கு மேலே, ஒரு மண்வெட்டி உயர்ந்து நின்றது.

"எவன்டா அது விசிலடிக்கிறது? வேலை செய்ற எடத்துல?"

மாமனார்தான். சட்டையைக் கழற்றி முள்ளில் போட்டிருந்தார். தலையில் துண்டு, முதுகெல்லாம் வேர்வை. முள்ளை ஒரு ஓரமாக அடுக்கியிருந்தார். முக்கால் மனையைப் புரட்டிப் போட்டு, நூல் பிடித்தாற்போல இரண்டு வரப்பு எழுப்பி, மூன்றாவதில் நின்றார். மைனாக்கள் அவர் காலடியிலேயே நடந்தன. புரண்ட மண்ணிலிருந்து மழை பெய்தாற்போல வாசனை வந்தது.

"மாமா!"

"வாம்மா பிள்ள. நேரம் என்ன ஆச்சு? தண்ணி எங்க?"

"தண்ணியா?"

"ஆள வேலைக்கு விட்டாத் தண்ணி குடுக்கணும்னு தெரிய வேணாம்? தொண்ட காஞ்சு கெடக்கு." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் அவள் பின்னால் நின்ற நாத்தனாரைப் பார்த்தார். முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு மருமகளிடம், ரகசியம் சொல்லுகிற தோரணையில், எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இந்த மனைக்காரம்மா காலையில வந்து அழுதுச்சு. கொத்திப் போட ஆள் கெடைக்கலயாம். யாரு பெத்த பிள்ளயோ, பாவமா இருந்துச்சு. அதான் வந்தேன்."

நாத்தனார் அளவு நாடாவின் நுனியைப் பிடித்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தண்ணி… தண்ணி கொண்டாரேன்" என்றாள். "இதோ கொண்டாரேன்ப்பா." மண்ணில் சிக்கிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு கடைத் தெருப் பக்கம் ஓடினாள்.

புருஷன் மண்வெட்டியைப் பார்த்தபடி நின்றான். "இந்தா, இது நான் காம்பு போட்டு வெச்சிருந்த மண்வெட்டி. பட்டறை உள்ள இருந்துச்சு. எப்படி எடுத்தாரு?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"சட்டத்துக்குப் பத்த வெச்சுட்டிருந்தேன். முகமூடி மாட்டிட்டு…" அவன் நிறுத்தினான். முகமூடி மாட்டினால் நெருப்புப் பொறி மட்டும்தான் தெரியும், உலகம் மொத்தமும் இருட்டு. "என் முன்னாடியேதான் போயிருக்காரு."

"ரெண்டு காலு என்னத் தாண்டி நடந்து போச்சு" என்று டிராக்டர்காரர் ஒப்புக்கொண்டார். "நான் டிராக்டருக்கு அடியில படுத்திருந்தேன். மம்பட்டி வாங்க வந்த ஆளுன்னு விட்டுட்டேன்."

"வாசல்ல ரெண்டு ஆம்பள காவல். கொண்டி போடாத குத்தம் மட்டும் எனக்கு" என்றாள் அவள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவும் தேவைப்படவில்லை.

நாத்தனார் செம்பு நிறையத் தண்ணீரும், ஒரு தூக்கில் தேநீரும், கையில் கிடைத்த பன்னுமாக வந்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்து அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு, "நாளைக்கு வந்து மிச்சத்த முடிச்சுத் தரேன் மனைக்காரம்மா. வெத இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா. வாங்கி வெக்கறேன்."

"கூட வெயிலுக்கு ஒரு பந்தல் போடச் சொல்லு. ஆளு நிக்க நெழல் வேணும்."

"போடச் சொல்றேன்ப்பா." தம்பியைப் பார்த்தாள். "கேட்டுச்சா? நாளைக்கே நாலு கம்பி நட்டு மேல தகரம் போட்டுடு."

விண்ணப்பம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதன் பின்பக்கத்தில் யாரோ ஒருத்தியின் ரவிக்கை அளவு எழுதப்பட்டிருந்ததைப் பிற்பாடு அவள் கடையில் பார்த்தாள்.

கீரை முளைத்து, ஒருதரம் கிள்ளி, இரண்டாவது வரிசைக்குப் பாத்தி கட்டுகிற நாளும் வந்துவிட்டது. காலையில் புருஷன் அவரை மனையில் கொண்டு விடுவான். மண்வெட்டியின் தகட்டைச் சின்னதாக அறுத்து, முனையை மழுக்கி, கனத்தைக் குறைத்துக் கொடுத்திருந்தான். கதவில் அடித்த கொண்டியில் இப்போது ராத்திரிக்கு அந்த மண்வெட்டி தொங்குகிறது.

மில் களத்தின் மேட்டு மூலையில் ஏறி நின்றால் அறுத்த வயலுக்கு அப்பால் சூளைச் சுவர் தெரியும். மனை தெரியாது. நெல்லைப் புரட்டிக்கொண்டே போய் அந்த மூலையில் அவள் ஒரு நொடி நிற்பதை மேஸ்திரி கவனித்திருந்தார்.

"யாரப் பாக்குற?"

"மாமாவ."

"இங்கிருந்து தெரியுறாரா?"

"அவரு தெரியல. நாலு கொக்கு, ஒரு கரிச்சான் தெரியுது. வேலையில இருக்காரு."

அவர் குடையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவள் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தாள். கடிக்கவில்லை. சூளைக்குப் பின்னாலிருந்து நாலு கொக்கும் ஒரே சமயத்தில் எழும்பின. மேலே போய் ஒரு வட்டம் அடித்தன. இறங்கவில்லை.

போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அண்ணி, மனைப் பக்கம் ஓடிப் போய்ப் பாருங்க. கொக்கு எழும்பிடுச்சு."

"எழும்பாம? நான்தானே வந்து நிக்கிறேன், தண்ணிய எடுத்துக்கிட்டு" என்றாள் நாத்தனார். "உன் கொக்குங்களுக்கு என்னக் கண்டாலே ஆகல."

"மாமா?"

"வரப்புல குந்திக் குடிக்கிறாரு. 'இன்னிக்கு நேரத்தோட வந்துட்டியே, மனைக்காரம்மா'ன்னு எனக்குப் பாராட்டு வேற."

அவள் சூளைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கொக்கு காலை நீட்டி இறங்கியது, பிறகு மற்ற மூன்றும். பல்லில் இருந்த நெல்லைக் கடித்தாள். 'கடக்' என்றது.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டாள், "பதம் வந்துடுச்சு. அள்ளலாம்."